பெயின்ட் அடிக்காத ராடு

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் பேனா எடுத்து உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாமல் வெகு நாளாக வைத்திருந்த ஒன்றை எழுதியாவது இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். வேறு காரணம் இல்லை.

நான் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். வார்த்து வரும் இரும்புச் சாமான்களில் வெடிப்பு, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். பழைய லோடு வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருக்கிறான்.

“அக்கா, உங்க நைனா டயர் கடை வெச்சிருந்தாருல்ல? வீல் நட்டு துருப் புடிச்சிகினு அசையவே மாட்டேங்குது. நீட்டு ராடு ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். இதுல எது ஒடையாம நிக்கும்க்கா?”

போனில் ஏழெட்டு ராடுகளின் படம் இருந்தது. எல்லாம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன.

“பெயின்ட், முலாம் எதுவும் இல்லாததா, கறுப்பா ஒண்ணு தேடி எடு” என்றேன்.

“இன்னாக்கா நீ! எல்லாரும் பளபளன்னு கேப்பாங்க, நீ கறுப்பு கேக்கற. ஏன்?”

நான் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டேன். அந்த ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எனக்குப் பத்து வயதில் நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டும்.

திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் போகும் வழியில் பெரிய ரோட்டு ஓரமாக எங்கள் கடை இருந்தது. லாரி டயர் கழற்றி, பஞ்சர் ஒட்டி, மாட்டித் தருகிற கடை. அப்பாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு; சித்தப்பா ஊருக்குள் தனியாக இருந்தார். எங்கள் தாத்தா வரைக்கும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள்தான். அவர்கள் கையில் பட்ட இரும்பு களைக்கொட்டும் அரிவாளும். அப்பாதான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஸ்பேனர் பிடித்தவர்.

லாரிச் சக்கரத்தின் நட்டு சாதாரணமாகக் கழலாது. சேற்றிலும் மழையிலும் ஓடி, துருவேறி, ஆணியோடு ஒன்றாகிப்போயிருக்கும். அதற்குத்தான் நீட்டு ராடு. மார்பளவு நீளத்தில் தடித்த இரும்புத் தண்டு. அதன் ஒரு முனையில், நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டச் சதுரமான மூக்கு. நட்டில் சாக்கெட்டைப் பொருத்தி, மறுமுனையில் உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ராடின் வாலில் ஒரு பைப்பைச் சொருகி இன்னும் நீளமாக்குவார்கள். ராடு நல்லதாக இல்லாவிட்டால் மூக்குக்குப் பின்னால், கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும் இடத்தில்தான் முறியும்.

அப்பாவுக்கு இரும்பு பார்க்கத் தெரியும் என்று அந்த ரோட்டில் பேர் இருந்தது. ஓட்டுநர்கள் புது ராடு வாங்கினால் வழியில் எங்கள் கடையில் நிறுத்தி, “அண்ணாத்தே, இத்த கொஞ்சம் தட்டிப் பாரு” என்பார்கள். அப்பா ராடை இரண்டு விரலில் தொங்கவிட்டு ஒரு நட்டால் தட்டுவார். காதருகே வைத்து ஓசை அடங்கும் வரை கேட்பார். பிறகு கழுத்தைக் கட்டை விரலால் சுற்றித் தடவுவார். “வளையாததும் ஆவாது, வளைஞ்சி அப்படியே நிக்கறதும் ஆவாது. வளையணும், உட்டா திரும்பணும்” என்பார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் ஓட்டுநர் அதை வண்டியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போவார். அப்பா படிக்காதவர். அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. அந்த ஒரு பேரைத்தான் அவர் சட்டை மாதிரி போட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாமானிலாவது வெடிப்பு கண்டால் அந்த இடத்தில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு விழுந்ததை யாரும் எடுக்கக் கூடாது, அது பழைய இரும்புக்குப் போக வேண்டியது. அவருக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் அது சட்டம். எனக்கு அது தெரியாது. பெண் பிள்ளை கடைச் சாமானில் கை வைக்கக் கூடாது என்று அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சாமான்களைத் துடைத்து வைக்க எனக்கு அனுமதி உண்டு.

அந்த வருஷம் பூஜைக்கு மூன்று நாள் முன்னால் சித்தப்பா ஊரில் இல்லை. தை மாதத்தில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் அப்பா புது ராடின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். அவரே பார்த்து வாங்கிய ராடு, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிவப்புக் கோடு இழுத்து மூலையில் சாய்த்து வைத்தார். சித்தப்பா வந்ததும் சொல்லத் தேவையில்லை, கோடே சொல்லும் என்று விட்டிருப்பார்.

பூஜைக்கு முந்தின நாள் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்க அப்பாவும், அன்றுதான் பெண் வீட்டிலிருந்து திரும்பிய சித்தப்பாவும் பூந்தமல்லிக்குப் போனார்கள். நான் கடையில் தனியாக உட்கார்ந்து சாமான்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எவ்வளவு துடைத்தும் அழுக்காகவே தெரிந்தன. கடை ஷட்டருக்கு அடித்த வெள்ளி பெயின்ட் டப்பாவில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பா திரும்பி வருவதற்குள் எல்லாச் சாமானையும் புதிதாக்கிவிட வேண்டும்.

மூலையில் இருந்த ராடின் கழுத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. போன வருஷத்துக் குங்குமம் என்று நினைத்தேன். புதுப் பொட்டு வைக்கப்போகிற இடத்தில் பழைய பொட்டு எதற்கு? உப்புத்தாளால் தேய்த்தேன். சீக்கிரத்தில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், கல்லில் வைத்துத் தேய்த்தேன், கை எரியும் வரை தேய்த்துப் போக்கினேன். அந்த வயதில் நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை. பிறகு எல்லா ராடுகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் ஜாக்கிக்கும் வெள்ளி பெயின்ட் அடித்து வெயிலில் வரிசையாகக் காய வைத்தேன்.

அப்பா வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். “இன்னா பாப்பா, டயர் கடைன்னு உட்டுட்டுப் போனேன், வெள்ளிப் பாத்திரக் கடையா மாத்திட்ட!” என்றார். சித்தப்பா, “கல்யாணத்துக்கு என் மூஞ்சிக்கும் இத்த ஒரு கை அடிச்சி உட்டுடு” என்றார். எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதற்குப் பிறகு பெரிதாக எதற்கும் கிடைத்ததில்லை.

மறுநாள் பூஜை. என் பாடப் புத்தகங்கள் ஒரு பக்கம், கடைச் சாமான்கள் ஒரு பக்கம். அப்பா குளித்து, ஒவ்வொன்றாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். அந்த ராடின் கழுத்திலும் ஒரு பொட்டு வைத்தார். அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

பூஜை அன்று சாமானை எடுக்கக் கூடாது. அடுத்த நாள் காலையில் முதல் வேலை. ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. அப்பா காற்று மெஷினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா கைக்கு வந்த ராடை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாக்கெட்டைப் பொருத்தினார். இரண்டு நட்டு வந்துவிட்டது. மூன்றாவது அசையவில்லை. ராடின் வாலில் பைப்பைச் சொருகி, லாரியைப் பிடித்துக்கொண்டு, பைப்பின் மேல் ஏறி நின்றார். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

“குதிச்சி அழுத்துப்பா, மாப்பிள்ள!” என்று ஓட்டுநர் கேலி செய்தார்.

சித்தப்பா குதித்தார். டக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. சித்தப்பா விழுந்ததை நான் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன். லாரியின் இரும்புப் படியில் வாய் மோதி முன்பல் இரண்டு போய்விட்டது. வலது கை உடம்புக்கு அடியில் மாட்டி மணிக்கட்டு முறிந்திருந்தது.

எதிர்க் கடைக்காரரும் ஓட்டுநரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அப்பா ஏறப் போனவர் திரும்பி வந்து, சக்கரத்தருகே கிடந்த ராடின் தலைத் துண்டை எடுத்தார். முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பாதி இரும்பு பளிச்சென்றும், பழைய வெடிப்பு இருந்த பாதி துருவேறிக் கறுத்தும் இருந்தது. கழுத்தோரத்துப் பெயின்டை நகத்தால் சுரண்டினார். வெள்ளிக்கு அடியில் துளி சிவப்பு வந்தது. அப்படியே நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். என் நக இடுக்கில் வெள்ளி பெயின்ட் இன்னும் போகாமல் இருந்தது. நகம் அழுக்காக இருந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. நான் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் அந்தத் துண்டைக் காக்கி டிராயர் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

நாலு நாள் கழித்துச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கட்டு. உதடு வீங்கிப் பேச்சில் காற்று போனது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீதான பாத்து எடுத்த, அண்ணாத்தே? ஊருக்கே தட்டிப் பாத்துச் சொல்ற ஆளு நீ. உன் ஊட்டுக்கு வெடிச்ச ராடா வாங்கினு வந்த?”

“ஆமாண்டா” என்றார் அப்பா. “நான்தான் சரியா பாக்கல.”

சித்தப்பா அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர். “எங்க அந்தத் துண்டு? எடு, பாக்கலாம். பழைய வெடிப்பா, புதுசான்னு நானே பாக்கறேன்.”

“லாரிக்கு அடியில எங்கியோ பூடுச்சுடா.”

அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். “அப்பா, உன் டிராயர் பையில…” என்று ஆரம்பித்தேன்.

“பாப்பா, சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டா” என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். கொண்டு வந்தபோது சித்தப்பா வாசலைத் தாண்டியிருந்தார்.

“இனிமே நீ வாங்கற ராடுல நான் கை வெக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு ரோட்டில் பேச்சு மாறிவிட்டது. ஓட்டுநர்கள் ராடு தட்டிப் பார்க்கச் சொல்லி வருவது நின்றது. ஒரு நாள் கடை வாசலிலேயே ஒருவர் இன்னொருவரிடம், “அவராண்டையா காட்டற? தம்பி கையையே ஒடச்ச ஆளுப்பா” என்றார். அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஏன் என்று எனக்குத் தெரிய வந்தது ஒன்பது வருஷம் கழித்து. பட்டறையில் சேர்ந்த முதல் வாரம். மேஸ்திரி ஒரு சாமானை எடுத்து, வெடிப்பு இருந்த இடத்தில் சிவப்பு பெயின்டால் கோடு போட்டார். “சிவப்புக் கோடு போட்டா கழிச்சதுன்னு அர்த்தம்மா. எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. அழிச்சா எவனோ ஒருத்தன் சாவான்” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் உப்புத்தாள் பிடித்த இடம் எரிகிற மாதிரி இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எதிரே நின்றேன்.

“அப்பா, சிவப்புக் கோடுன்னா கழிச்சதுன்னு அர்த்தமாம்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆமா” என்றார். பிறகு, “சாப்டியா?” என்றார்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. சாவு வீட்டில் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, வளைந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க அண்ணன மாரி இரும்பு பாக்க ஆளு கெடையாது. எல்லாம் கரெக்டா பாப்பாரு. அந்த ஒரு ராடுதான் எப்பிடியோ ஏமாந்துட்டாரு.” நான் பக்கத்திலேயே இருந்தேன். வாய் வரவில்லை. சித்தப்பா அறுபதைத் தாண்டிவிட்டார். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, அச்சில் வருகிற எதையும் ஒரு எழுத்து விடாமல் படிப்பவர். இதையும் படிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது முறிந்த ராடைப் பற்றி மட்டும் இல்லை. அதற்குப் பதில் வாங்கிய ராடைப் பற்றியும்தான்.

கை முறிந்து இரண்டு வாரம் கழிந்திருக்கும். கடைக்கு ராடு இல்லாமல் முடியாது. சித்தப்பாவின் வீட்டுக்கு அப்பாவே நடந்து போய், “நான் பாக்கல. நீயே வந்து எடு. நீ எடுத்ததுதான் கடைக்கு” என்றார். சித்தப்பா ஒத்துக்கொண்டார். கை கூடியதும் கடைக்குத் திரும்புவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினோம். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அம்மா கேட்டாள். “வரட்டும்” என்றார் அப்பா.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலேயே அந்தக் கடை. பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்து நீட்டினார், தட்டிப் பார்ப்பதற்கு. அப்பா வாங்கவில்லை.

“இன்னிக்கு தம்பிதான் பாக்கறான், பாய்.”

பாய் அஞ்சு ராடுகளைப் பலகை மேல் பரப்பினார். எல்லாம் முலாம் பூசியவை. சித்தப்பா இடது கையால் தடித்த ஒன்றை எடுத்தார். அப்பா மாதிரியே தொங்கவிட முயன்று, முடியாமல், தரையில் தட்டினார். ஓசையைக் கேட்பது போல் தலையைச் சாய்த்தார். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

“இது நல்லா கீது. கெட்டியா கீது” என்றார்.

அப்பா கதவோரமாக நின்றிருந்தார். வாய் திறக்கக் கூடாது என்றுதான் வந்திருக்கிறார். ஆனாலும் திறந்தார்.

“பாய், பெயின்ட் அடிக்காதது, முலாம் இல்லாதது ஒண்ணுகூட இல்லியா?”

“இன்னா நைனா, துணிக்கடைக்கு வந்து சாயம் போன துணி கேக்கற? பளபளப்பா இருந்தா ஒனக்கு கசக்குதா?”

“கசக்கல. அடியில இன்னா கீதுன்னு தெரியணும்.”

பாய் உள்ளே போய், கிரீஸ் தடவித் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். கறுப்பாக, அவலட்சணமாக இருந்தது. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எடு, எடு. எப்பிடியும் உன் இஷ்டந்தான்” என்றார். பலகையில் பொருத்தியிருந்த வைஸில் ராடின் மூக்கை இறுக்கிவிட்டு, அப்பாவும் பாயும் சேர்ந்து வாலைப் பிடித்து இழுத்தார்கள். ராடு வில் மாதிரி வளைந்தது. விட்டதும் நேராகத் திரும்பி நின்றது. அப்பா ராடின் தலையை ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “பாப்பா, சாக்பீஸ் வெச்சிகீறியா?”

வகுப்பிலிருந்து எடுத்த துண்டு ஒன்று என் கவுன் பையில் எப்போதும் இருக்கும். திருடியது தெரிந்துவிட்டது என்று பயந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. ராடின் கழுத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்தார். சாக்பீஸைப் பொடி செய்து கழுத்தைச் சுற்றித் தூவினார்.

“வெடிப்பு இருந்தா உள்ள பூந்த எண்ணெ வெளிய வந்து பொடில கோடு போடும்” என்று பாய் எனக்குச் சொன்னார்.

சித்தப்பா குனிந்து பார்க்க வந்தார். அப்பா குறுக்கே கை நீட்டினார்.

“இரு. பாப்பா பாக்கட்டும்.”

சித்தப்பா நிமிர்ந்தார். நான் பலகையில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

“கோடு கீதா?”

“இல்லப்பா.”

“நல்லா பாரு. சுத்திப் பாரு.”

ராடை உருட்டி உருட்டிப் பார்த்தேன். “இல்லப்பா.”

“இருந்தா இன்னா பண்ணுவ?”

“உன்னாண்ட சொல்லுவேன்.”

“தொடைக்கக் கூடாது.”

“தொடைக்க மாட்டேன்.”

நான் அழித்த கோட்டைப் பற்றி அப்பா வாழ்நாளில் தானாக என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

சித்தப்பா சிரித்தார். பல் இல்லாத இடம் தெரிந்தது. “நான் பாக்கணும்னு கூட்டினு வந்த. என் கை பூடுச்சு, பல்லு பூடுச்சு, நீ கொழந்தையோட சாக்பீஸ் வெச்சி வெளாடற. ராடுதான் ஒனக்கு வெளாட்டா, இல்ல நானா?”

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

“சரி, அண்ணாத்தே” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா ரோட்டைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்குக் கை வலிக்கிறது, அதனால் கோபம் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைச் சாமானைத் தொடவே விடாத அப்பா என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார், அதுவும் கடைக்காரர் முன்னால். சாக்பீஸ் விஷயத்தில் அடியும் விழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ராடை என் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. அப்பா ஒரு கையை அதன் கழுத்தின் மேல் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்க என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

“அப்பா, அடுத்த பூஜைக்கு இதுக்கும் வெள்ளி பெயின்ட் அடிச்சிடலாமா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் நகங்களையும் பார்த்தார். பெயின்ட் எப்போதோ போய்விட்டிருந்தது.

“வேணாம்மா. இது இப்படியே இருக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. நான் அடித்த பெயின்ட் அவருக்கு உண்மையில் பிடிக்கவே இல்லை, அன்று சும்மா சிரித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும் வரை அவரோடு பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. செங்கல் லாரி ஒன்று வந்தது. எட்டு நட்டையும் அப்பா ஒருவரே கழற்றினார். கை கூடிய பிறகும் சித்தப்பா கடைக்கு வரவில்லை.